வெயிலைப் பார்த்த கண்

தம்புயி, வாகடூகு
ஜனவரி 8

நாய்த்தலை தின்னும் என் அடிமை எலியான் அத்தைக்கு,

நடித்தேனா இல்லையா என்று பதினொரு வருஷம் கழித்துக் கேட்டால் நான் என்ன சொல்ல? அதுவும் நீங்கள் கேட்ட விதமே சரியில்லை. ‘அன்புள்ள திரு. சிபிரி அவர்களுக்கு’ என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். திருவாம், அவர்களாம்! படித்ததும் அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று அடுப்படியை எட்டிப் பார்த்தேன். இருந்தாள். கம்பங்களி கிண்டிக்கொண்டிருந்தாள். கடிதத்தைக் காட்டினேன்.

“சாமோக்காரி நம்மள மரியாதையா கூப்பிட்டா அன்னிக்கே உறவு அந்துபோச்சுன்னு அர்த்தம். நீ என்னடா பண்ணித் தொலைச்ச?” என்றாள்.

நான் ஒன்றும் பண்ணவில்லை. நாங்கள் மோசி இனம், நீங்கள் சாமோ இனம். பாட்டன் காலத்திலிருந்து கேலி முறை. நீங்கள் என்னை அடிமை என்பீர்கள், நான் உங்களை அடிமை, நாய்த்தலை தின்பவள் என்பேன். யாருக்கும் கோபம் வரக் கூடாது. இத்தனை வருஷம் அப்படித்தானே எழுதிக்கொள்கிறோம்? உங்கள் முதல் படத்துக்கு என்னை அனுப்பும்போது அம்மா போட்ட நிபந்தனை, பள்ளிக்கூடச் சம்பளம் நீங்கள் கட்ட வேண்டும், பையன் பள்ளிக்கூடம் போகிறான் என்பதற்கு அடையாளமாக உங்களுக்கு மாதம் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று. பள்ளிக்கூடம் நின்று நாலு வருஷம் ஆகிவிட்டது. கடிதம் மட்டும் நிற்கவில்லை.

நான் இப்போது சினிமா அரங்கத்து டூவீலர் ஸ்டாண்டில் இருக்கிறேன். சீட்டில் சாக்பீஸால் நம்பர், கையில் டோக்கன். இந்த வருஷத் திரைப்பட விழாவும் அதே அரங்கத்தில்தானாம். ஒன்பது வயதில் மேடை ஏறி ‘நாளைய நம்பிக்கை’ பரிசு வாங்கியவன் வாசலில் டோக்கன் கொடுக்கிறான். சிரித்துக்கொள்ளுங்கள்.

தலாத்தோ உங்கள் படத்தில் நடித்துவிட்டு வந்ததிலிருந்து தண்ணீர் தூக்க ஆள் கேட்கிறாள். பதினொரு வயதில் இந்தத் திமிர். தங்கச்சி என்றும் பார்க்காமல் குடத்தைத் தலையில் ஏற்றி அனுப்பிவைத்தேன்.

எதற்கு அந்தக் கேள்வி? நேராகச் சொல்லுங்கள்.

உங்கள் எஜமான்,
சிபிரி


போபோ-ஜுலாசோ
ஜனவரி 14

அடிமைக்குப் பிறந்த அடிமை சிபிரிக்கு,

இப்போது நிம்மதியா? அம்மாவிடம் சொல், உறவு அறவில்லை என்று. அந்தக் கடிதத்தை விழாக் குழுவுக்குக் காட்ட வேண்டியிருந்தது. அதனால்தான் மரியாதை. உனக்கெல்லாம் ‘அவர்கள்’ போட்டு எழுதியதில் என் பேனாவுக்கே காய்ச்சல்.

விஷயம் இதுதான். நான் தலாத்தோவின் பெயரைச் சிறந்த நடிகைக்கு அனுப்பினேன். உனக்குச் சைக்கிள் கொடுத்தார்களே, அந்த ‘நாளைய நம்பிக்கை’க்கு இல்லை. பெரியவர்களுக்குக் கொடுக்கும் பறவைச் சிலைக்கு, வெண்கல இருவாச்சிக்கு. படத்தில் அவள் இல்லாத காட்சி மூன்றே மூன்று. படத்தைத் தூக்கி நடப்பவள் அவள். பிறகு அவளுக்கு ஏன் ஒரு சைக்கிளும் கைதட்டலும்?

குழுத் தலைவர் தியோம்பியானோ என்னைக் கூப்பிட்டார். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

“பொடிசுங்க நடிக்கிறதில்லம்மா. அதுங்கள நடிக்க வைக்கிறாங்க. பரிசு குடுக்கணும்னா உனக்குத்தான் குடுக்கணும்.”

“பெரிய நடிகைகளையும் நான்தானே நடிக்க வைக்கிறேன்?”

“பெரியவங்களுக்குத் தான் பொய் சொல்றோம்னு தெரியும். உன் பொண்ணுக்குத் தெரியுமா? நாய்க்குட்டிய மழையில நிக்க வெச்சுப் படம் புடிச்சா நாய்க்குட்டி நடிச்சுதுன்னு சொல்லுவியா?”

“அவ நாய்க்குட்டி இல்ல.”

“சரி, நிரூபி. ஏற்கனவே உன்கிட்ட சின்ன வயசுல நடிச்சவன் ஒருத்தன் இருக்கானே, கிணத்தடியில உக்காந்து அழுதவன். நாட்டையே அழ வெச்சவன். தெரிஞ்சுதான் அழுதேன்னு அவன் கைப்பட எழுதிக் குடுக்கட்டும். பாக்கலாம்.”

ஐந்து பேர் பட்டியல் பிப்ரவரி பத்தாம் தேதி முடிகிறது. அதற்குள் உன் கடிதம் வந்தால் தலாத்தோ பட்டியலில். இல்லையென்றால் அவளுக்கும் சைக்கிள்தான். நாலு வரி போதும்டா. ‘கிணற்றடிக் காட்சியில் நான் நடிக்கிறேன் என்று தெரிந்துதான் அழுதேன்.’ கீழே கையெழுத்து.

உன் தங்கைக்காகத்தான் கேட்கிறேன்.

உன்னை விலைக்கு வாங்கியவள்,
எலியான்


தம்புயி
ஜனவரி 20

அடிமை அத்தைக்கு,

நாலு வரி எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டது.

உங்களுக்கு நினைவிருக்கிறதா பார்ப்போம். காலை பத்து மணி. நான் வறண்ட கிணற்றின் விளிம்பில் சுரைக்குடுவையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அழச் சொன்னீர்கள், வரவில்லை. எச்சில் தொட்டுக் கண்ணில் வைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் நீங்கள் வந்து என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “சிபிரி, உங்கப்பா இருந்த தங்கச் சுரங்கம் சரிஞ்சுபோச்சாம். அப்பா வரமாட்டாருடா” என்றீர்கள்.

நான் முதலில் நம்பவில்லை. சாமோக்காரி சாவைப் பற்றிச் சொன்னால் அது கேலிதான் என்று ஊரில் எந்தக் குழந்தைக்கும் தெரியும். நீங்கள் சிரிப்பதற்காகக் காத்திருந்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. எழுந்து போய்விட்டீர்கள். அப்போதுதான் நம்பினேன்.

அழுதேன். நடுவில் ஒரு ஆடு குறுக்கே போனது. காட்சி கெட்டுவிட்டது என்றார்கள். அப்போதாவது யாராவது வந்து சொல்லியிருக்கலாம். வரவில்லை. ஆட்டை விரட்டிவிட்டு மறுபடி எடுத்தீர்கள். வெளிச்சம் மாறும்வரை, பன்னிரண்டு மணிவரை எடுத்தீர்கள். எனக்கு அந்த இரண்டு மணி நேரமும் அப்பா இல்லை.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். “சாமோக்காரி சொன்னதுக்குக் கோவிச்சுக்கக் கூடாதுடா. சிரி” என்றாள். சிரித்தேன்.

எனக்குப் பதின்மூன்று வயதாகும்போது சுரங்கம் நிஜமாகவே சரிந்தது. சேதி கொண்டுவந்தவர் முற்றத்தில் நின்று சொல்கிறார். நான் அவர் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தேன், கேமரா எங்கே என்று. அழுகை வரவில்லை. சாவு வீட்டுக்கு நீங்களும் வந்தீர்கள். சாவு வீட்டில் கேலி முறைக்காரர்கள் செய்கிறபடி அப்பாவின் தொப்பியைப் போட்டுக்கொண்டு, அவர் மாதிரியே இடுப்பில் கைவைத்து நடந்து, “ஏய் பொண்டாட்டி, களி எங்கடி?” என்று அம்மாவைக் கேட்டீர்கள். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். வீடே சிரித்தது. நன்றாகத்தான் செய்தீர்கள், குறை சொல்லவில்லை. நான் மட்டும் தொப்பிக்குக் கீழே உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் நான் இதுவரை எழுதியதில்லை. நீங்களும் கேட்டதில்லை. இப்போது கேட்டீர்கள்.

ஆக, தெரிந்துதான் அழுதேன் என்று எழுதினால் அது பொய்.

இன்னொன்று. தலாத்தோ கடைசிக் காட்சியில் அழுகிறாளே, அதற்கு முன்னால் அவளிடம் என்ன சொன்னீர்கள்? எனக்குத் தெரியும். உங்கள் வாயால் கேட்க வேண்டும்.

சிபிரி


போபோ-ஜுலாசோ
ஜனவரி 27

சிபிரிக்கு,

வசவு எழுதத்தான் உட்கார்ந்தேன். இன்று வரவில்லை. அப்புறம் எழுதுகிறேன்.

அந்த நாளைப் பற்றி நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. முதல் படம். பிலிம் சுருள் இரண்டுதான் மிச்சம். மறுநாள் வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதெல்லாம் காரணம்தான், நியாயம் இல்லை. ‘கேலி முறைதானே, கோபிக்க மாட்டான்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு இனத்துப் பையனாக இருந்திருந்தால் சொல்லத் துணிந்திருக்க மாட்டேன். நீ மோசிப் பையன் என்பதால் எனக்கு வசதியாகப் போய்விட்டது. அன்று நீ சிரித்தாய். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். பதினொரு வருஷமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

தலாத்தோ விஷயம். ஆமாம், சொன்னேன். இத்தனைக்கும் இனிமேல் அப்படிச் செய்யக் கூடாது என்று எத்தனையோ தடவை நினைத்தவள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு தடவை அழுதாள், எனக்குப் போதவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, “தலாத்தோ, உங்கண்ணன் வண்டிய லாரி அடிச்சிருச்சாம்” என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அத்தை, உங்களுக்கு எந்தக் கண்ணுல மொதல்ல வரணும்? எடதா, வலதா?”

கேமராக்காரன் சிரித்தே விட்டான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ‘இடது’ என்றேன். போய் நின்றாள். இடது கண்ணில் வந்தது. படத்தில் இருப்பது அதுதான்.

அவள் நடித்தாள், சிபிரி. என் பொய்யை மிதித்து நின்றுகொண்டு நடித்தாள். பெரிய நடிகைகள் யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. இதைத் தலைவரிடம் சொன்னால் போதும், நிரூபணம் ஆகிவிடும். ஆனால் இதைச் சொல்ல வேண்டுமானால் நான் என்ன சொன்னேன் என்பதையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் உன்னிடம் நாலு வரி கேட்டேன். அசிங்கம்தான்.

நீ எழுத வேண்டாம் என்றால் எழுத வேண்டாம்.

எலியான்


தம்புயி
பிப்ரவரி 2

எலியான் அத்தைக்கு,

தலாத்தோ என்னிடம் சொன்னதோடு நீங்கள் எழுதியது அப்படியே ஒத்துப்போகிறது. அந்த அளவில் சரி. படப்பிடிப்பிலிருந்து வந்த அன்றே சொல்லிவிட்டாள், கடலைக்காயை உடைத்துத் தின்றுகொண்டே.

“அண்ணே, நீ செத்துட்டியாம்.”

“யாரு சொன்னா?”

“அத்தை.”

“நீ நம்பலையா?”

“அவங்க என்னையப் பாக்கல. வெயிலப் பாத்துக்கிட்டே சொன்னாங்க. செத்த சேதி சொல்றவங்க வெயிலப் பாப்பாங்களா?”

எனக்கு ஒன்பது வயதில் இது தோன்றவில்லை. நானும் உங்கள் முகத்தைத்தான் பார்த்தேன். கண் எங்கே இருந்தது என்று பார்க்கவில்லை. அவள் பார்த்திருக்கிறாள். அவள் என்னைவிடக் கெட்டிக்காரி, அவ்வளவுதான்.

அவளிடம் சாகடிக்க அப்பா இல்லை. அதனால் என்னைச் சாகடித்தீர்கள். புரிகிறது. வேலை அது.

இத்துடன் தலைவருக்கு நான் எழுதியதை வைத்திருக்கிறேன். உறை ஒட்டவில்லை, நீங்கள் படிக்கலாம். கொடுப்பதும் கிழிப்பதும் உங்கள் இஷ்டம். பஸ்ஸில் வருகிற கடிதம் தொலைந்தது என்றால் யாரும் கேட்கப் போவதில்லை.

*‘தலைவர் அவர்களுக்கு. என் பெயர் சிபிரி. கிணற்றடிக் காட்சியில் அழுதவன் நான். நான் நடிக்கவில்லை. என் அப்பா இறந்துவிட்டார் என்று இயக்குநர் சொன்னார், நம்பினேன், அழுதேன். எனக்குக் கொடுத்த பரிசு தவறானது. சைக்கிள் இப்போது என்னிடம் இல்லை, சட்டம் துருப்பிடித்து எடைக்குப் போட்டுவிட்டோம். என் தங்கை தலாத்தோவிடமும் இயக்குநர் அதே மாதிரி ஒரு பொய் சொன்னார். அவள் நம்பவில்லை. பொய் என்று தெரிந்தும், எந்தக் கண்ணில் வேண்டும் என்று கேட்டுவிட்டு அழுதாள். குழந்தை நடிக்குமா என்று கேட்டீர்களாம். நான் நடிக்கவில்லை. அவள் நடித்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பாருங்கள்.’*

தமாஷ் என்னவென்றால், என் அழுகைக்குத்தான் நாடு அழுதது.

சிபிரி


போபோ-ஜுலாசோ
பிப்ரவரி 12

டேய் அடிமை,

கொடுத்துவிட்டேன். பஸ் ஏறி வாகடூகுவுக்கு வந்து என் கையால் கொடுத்தேன். உன்னைப் பார்க்கவில்லை. ஸ்டாண்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றேன், நீ யாருடனோ நம்பர் அழிந்துவிட்டது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாய். அப்படியே திரும்பிவிட்டேன்.

தலைவர் இரண்டு தடவை படித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லவில்லை.

“இது எல்லாருக்கும் தெரிஞ்சா உன் பேரு என்னாகும்னு யோசிச்சியா?”

“யோசிச்சேன்.”

“அப்புறம் எதுக்குக் கொண்டாந்த?”

“பொண்ணு நடிச்சிருக்கா. நீங்க நிரூபிக்கச் சொன்னீங்க.”

அப்புறம் இரண்டு காட்சியையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தார்கள். முதலில் உன்னுடையது, பிறகு அவளுடையது. விளக்கைப் போட்டபோது குழுவில் ஒரு அம்மா எழுந்து வெளியே போய்விட்டாள். உன்னுடையதை இதற்கு முன் பல தடவை பார்த்து ரசித்தவளாம்.

தலாத்தோ பட்டியலில் இருக்கிறாள். ஐந்தில் நான்காவது பெயர். ‘குழந்தை நட்சத்திரம்’ என்று முன்னால் போடவில்லை. வெறும் பெயர்.

நான் விழாவுக்கு வர வேண்டாம் என்று தலைவர் சொல்லவில்லை. நானாகவே வரப்போவதில்லை. அவளுடன் உன் அம்மா போகட்டும். நிறைவு நாள் இருபத்திமூன்றாம் தேதி, பிற்பகல். ஸ்டாண்டில் ஒலிபெருக்கி கேட்கும் அல்லவா? என்ன நடந்தது என்று நீதான் எனக்கு எழுத வேண்டும்.

உன் கடைசிக் கடிதத்தில் வசவு இல்லை. தலைப்பில் தேடினேன், கீழே தேடினேன். ஒன்றே ஒன்று எழுது. சின்னதாக இருந்தாலும் போதும். நாய்த்தலை என்றாவது எழுது.

உன் அடிமை. பார், நானே எழுதிவிட்டேன்,
எலியான்


வாகடூகு, டூவீலர் ஸ்டாண்டு
பிப்ரவரி 23

மதிப்பிற்குரிய இயக்குநர் திருமதி எலியான் ஸெர்போ அவர்களுக்கு,

நீங்கள் கேட்டுக்கொண்டபடி எழுதுகிறேன். நேரம் இப்போது நாலரை. ஒரு வண்டியின் சீட்டில் வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், மன்னிக்கவும்.

அம்மா தையல்காரரிடம் கொடுத்துத் தைத்த நீல உடையில் தலாத்தோ போனாள். உள்ளே போகும்முன் என்னிடம் டோக்கன் கேட்டாள். “ஒனக்கு எதுக்குடி, வண்டியா வெச்சிருக்க?” என்றேன். “எல்லாருக்கும் குடுக்கிற, எனக்குக் குடுக்கமாட்டியா?” என்றாள். 61 கொடுத்தேன்.

நாலு மணிக்குச் சிறந்த நடிகை. ஐந்து பெயரும் படித்தார்கள். பிறகு அவள் பெயர் மட்டும்.

வெண்கல இருவாச்சி அவளுக்குத்தான். ஸ்டாண்டில் என்னோடு வேலை செய்கிற பையன்கள் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார்கள். மற்றவர்கள் வண்டி ஹாரன்தான். நான் நிறுத்தச் சொன்னேன்.

மேடையில் அவளிடம் கேட்டார்கள், ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்டது. அப்படியே எழுதுகிறேன்.

“இவ்வளவு சின்னப் பொண்ணு, எப்பிடிம்மா அப்பிடி அழுத?”

“எங்கண்ணன் மாதிரி அழுதேன்.”

“அண்ணனா?”

“கெணத்தடி படத்துல எங்கண்ணன் அழுவான். வீட்டுல அத நெறையத் தடவ பாத்திருக்கேன். மொதல்ல எடது கண்ணுலதான் வரும். அவன் அழறப்ப தோளு ஆடாது, கழுத்து மட்டும் ஆடும். அதையே செஞ்சேன். அவன் நெசமா அழுதான். நான் பாத்து அழுதேன்.”

அரங்கம் கை தட்டியது. கொஞ்ச நேரம் தட்டியது.

எனக்குக் கழுத்து ஆடும் என்பது இதுவரை தெரியாது. நான் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. பரிசு வாங்கிய அன்றும் அந்தக் காட்சி வந்தபோது கழிப்பறையில் இருந்தேன். நீங்கள் எடுத்ததை நான் பார்க்கவில்லை, அவள் பார்த்திருக்கிறாள். ஆக அந்த இரண்டு மணி நேரம் யாருக்கோ உபயோகப்பட்டிருக்கிறது. சேதியாகத்தான் சொல்கிறேன். நன்றியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் அந்தக் கடிதத்தைக் கிழித்திருக்கலாம். கிழிக்கவில்லை. அதை நான் மறக்க மாட்டேன். தலாத்தோ உங்கள் அடுத்த படத்தில் நடிக்க ஆசைப்படுகிறாள். அம்மா சரி என்று சொல்லிவிட்டாள். நானும் தடுக்க மாட்டேன். ஆனால் சாவுச் சேதி எதுவும் சொல்ல வேண்டாம். சொன்னாலும் அவள் நம்பப் போவதில்லை.

ஒரு வசவு கேட்டிருந்தீர்கள். எழுதிப் பார்த்தேன். ‘நாய்த்தலை’ என்று எழுதி அடித்தேன். ‘அடிமை’ என்று எழுதி அடித்தேன். மேலே கறுப்பாக இருப்பது அதுதான். கேலி என்றால் சொன்னவர் திரும்பி வந்து கூடச் சிரிக்க வேண்டும். அன்று நீங்கள் திரும்பி வரவில்லை, வெளிச்சம் மாறிக்கொண்டிருந்தது. அம்மா சொன்னபடி நான் மட்டும் தனியாகச் சிரித்தேன். இத்தனை வருஷமாக அந்தச் சிரிப்பைத்தான் மாதாமாதம் உங்களுக்கு எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். இனிமேல் வராது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். அம்மா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். அவள் உங்களை இன்னும் அடிமை என்றுதான் சொல்கிறாள். அது அவளுடைய முறை, அதில் நான் தலையிடவில்லை.

கதவைத் திறந்துவிட்டார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் வருகிறார்கள். முன்னால் 61-ஐத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருத்தி, இன்னொரு கையில் இருவாச்சி. வண்டி எடுக்க வந்திருக்கிறாளாம். நான் போக வேண்டும்.

இப்படிக்கு,
சிபிரி